வாடைக்குப் போனார்

மேட்டுக்குப்பம்,
மரக்காணம் வழி, திண்டிவனம் வட்டம்.
12.3.2013, செவ்வாய்

செந்தாமரை டீச்சருக்கு,

என் வீட்டுக்காரர் அப்பாதுரை மீன்பிடிக்கப் போகவில்லை, படகை வாடகைக்கு ஓட்டிக்கொண்டு போனார் என்று கோப்பில் எழுதி முடித்திருக்கிறார்கள். நேற்று திங்கட்கிழமை திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க் எனக்குப் படித்துக் காட்டினார். அவராகவே விருப்பப்பட்டு எங்காவது போயிருக்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது.

அவர் ஜனவரி 22 விடியுமுன் கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. நேற்றோடு நாற்பத்தெட்டு நாள்.

"எத வெச்சு சார் இப்பிடி எழுதினீங்க" என்று கேட்டேன்.

"உன் பொண்ணு எழுதினத வெச்சுதாம்மா. கம்ப்யூட்டர்லயே வந்திருக்குது பாரு" என்று எட்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இணையத்தில் எழுதும் உங்கள் பிளாக்கின் பக்கம். மேலே அருணா பெயர். "என் அப்பா செவ்வாய்க்கிழமை வாடகைக்குப் போனார். சாயங்காலம் வரவில்லை" என்று இருக்கிறது. கீழே "உண்மை நகல்" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து அருணாவைக் கேட்டேன். "நான் அப்பிடி எழுதலம்மா" என்றாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று அடித்தேன். அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு விழுப்புரம் பக்கம் போய்விட்டீர்கள் என்று ஹெட்மாஸ்டர் விருத்தாசலம் சார் சொன்னார். அட்ரஸ் அவர் கொடுத்தது. அருணா பொய் சொல்கிறாளா, அந்தப் பேப்பர் பொய் சொல்கிறதா, இதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

போன் பண்ண வேண்டாம். எழுதுங்கள். பேசியதை யாரும் நம்பவில்லை.

பவுனு

விழுப்புரம்
18.3.2013

அன்புள்ள பவுனு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

அந்தப் பக்கத்தைக் கொடுத்தது நான்தான். ஜனவரி 25, வெள்ளிக்கிழமை, விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளிக்கும் வந்தார். "டீச்சர், குழந்தை வீட்ல நடந்தத ஏதாச்சும் சொல்லுச்சா? எழுத்துல இருந்தா நல்லது" என்றார். அருணா 23ஆம் தேதி எழுதியது பிளாக்கில் இருந்தது. மரக்காணம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உதவியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்த பிளாக் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விழுப்புரத்தில் நடந்த ஒரு பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளியில் இருந்தது ஒரே லேப்டாப். ஒவ்வொரு புதன்கிழமையும் "நேற்று எங்கள் வீட்டில்" என்று பிள்ளைகள் தாளில் எழுதுவார்கள். நான் படித்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றுவேன். சிங்கப்பூரிலிருந்து, மதுரையிலிருந்து யாராவது படித்துவிட்டு இரண்டு வரி போடுவார்கள். இரண்டு வரிக்கு மேல் எழுதாத அருணா, வெளியூர்க்காரர் ஒருவர் "உங்கள் ஊர் நண்டைப் பற்றி இன்னும் எழுது" என்று கேட்ட பிறகு ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தாள். டீச்சருக்காக எழுதுவதற்கும் படிக்க ஒருவர் இருக்கிறார் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

நான் திருத்துவது எழுத்துப்பிழையை மட்டும்தான். விஷயத்தை மாற்றுவதில்லை. பத்து வயதுக் குழந்தை, அன்று இருந்த நிலையில், எதையாவது மாற்றி எழுதியிருக்கலாம். எழுதியது மறந்தும் போயிருக்கலாம். உங்கள் ஊர்ப் படகுகள் சனி, ஞாயிறுகளில் கெஸ்ட் ஹவுஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு பொம்மையார்பாளையம் வரை வாடகைக்குப் போவது எனக்கும் தெரியும். அதனால் அதைப் படித்தபோது தவறாகத் தோன்றவில்லை.

அருணாவை அடிக்க வேண்டாம்.

செந்தாமரை

மேட்டுக்குப்பம்
25.3.2013

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அருணாவை வைத்துக்கொண்டே படித்தேன். "மாற்றி எழுதியிருக்கலாம்" என்ற இடத்தில் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவர் போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை கெஸ்ட் ஹவுஸ் ஆட்கள் யார் வருகிறார்கள்? இதைக்கூட அந்த ஆபீசில் யாரும் கேட்கவில்லை.

நேற்று அவரோடு படகில் போகிற வல்லரசு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். அதனால்தான் இவர் தனியாகப் போனார். கோப்பில் இருப்பதை அவனிடம் சொன்னேன்.

"அக்கா, பொண்ணு வாடைக்குன்னு எழுதியிருப்பாக்கா" என்றான்.

அருணா கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அதத்தான் எழுதினேன்" என்றாள். அவ்வளவுதான்.

டீச்சர், எங்களுக்கு வாடை என்றால் வடக்கு. கரையில் நடக்கும்போது வடக்கே போகிறேன் என்போம். படகை எடுத்துவிட்டால் வாடைக்குப் போகிறேன் என்போம். முந்தின ஞாயிற்றுக்கிழமை வாடைப் பக்கம் மீன் நன்றாகப் பட்டது. அதனால் திரும்பவும் அங்கேயே போனார். என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். "வாடைக்குப் போறேன், ஜல்தி வந்துர்றேன், கொழம்ப வெச்சிரு" என்றார்.

இதை நான் அந்த அதிகாரியிடமும் சொன்னேன். வல்லரசும் சொன்னான். "வாடைக்குன்னுதான் நானும் சொன்னேன். அவரு தலய தலய ஆட்டிக்கினு எழுதினாரு. இன்னாத்த எழுதினாருன்னு யாரு கண்டா" என்கிறான். அவர் காதில் எது விழுந்ததோ. கையில் உங்கள் பேப்பர் இருந்திருக்கிறது. அதற்குமேல் எங்களை எதற்குக் கேட்கப்போகிறார்.

எங்கள் படகுகள் இரண்டு நாள் வாடைப் பக்கம் தேடின. கடலில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கரை வேறு மாவட்டம். அங்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்க அதிகாரிகளால்தான் முடியும். அவர்கள் கேட்டதெல்லாம் தெற்கே உள்ள கெஸ்ட் ஹவுஸ்களில்.

என் நாத்தனார் வீரம்மாள் அவரோடு கூடப்பிறந்தவள். அவளே கேட்கிறாள். "எங்க அண்ணன் யாரையோ ஏத்திக்கினு அந்தமானுக்குப் போய்ட்டானாமே, ஊரே பேசுது, நீ இன்னா பண்ண அவன" என்று. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. அருணாவை ஒரு பையன் "உங்கப்பா வாடகை எவ்ளோ" என்று கேட்டிருக்கிறான்.

தாளில் எழுதி வாங்குவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாள் எங்கே?

பவுனு

விழுப்புரம்
8.4.2013

பவுனு அவர்களுக்கு,

அருணா பொய் சொல்லவில்லை.

பிள்ளைகளின் தாள்களை நான் எறிவதில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்திருந்தேன். மார்ச் 30, சனிக்கிழமை, அதைப் பிரித்தேன். அருணாவின் தாள் கிடைத்தது. அதில் பென்சிலில் இருப்பது இது: "என் அப்பா செவ்வாய்க்கிழமை வாடைக்கு போனார். சாயங்காலம் வரவில்லை." "வாடைக்கு" என்பதன் மேல் சிவப்பு மையில் கோடு. மேலே என் கையெழுத்தில் "வாடகைக்குப்" என்று இருக்கிறது.

தாளைப் பார்த்தது மார்ச் 30. இதை எழுதுவது ஏப்ரல் 8. நடுவில் உள்ள ஒன்பது நாளுக்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். நான் காணைக்குப் பக்கத்தில், கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் வாடை என்றால் மார்கழிக் குளிர்காற்று, இல்லாவிட்டால் கெட்ட நாற்றம். அதற்குள் ஒருவர் போகமுடியாது. குழந்தை "க" எழுத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அருணா அடிக்கடி எழுத்து விடுவாள். உங்கள் ஊரில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். வாடை என்று யாராவது என் முன்னால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. அன்று புதன்கிழமை. முந்தின நாள் போனவர் வரவில்லை என்று அந்தக் குழந்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் கரையில் நின்றுகொண்டிருந்ததால் அவளைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பீர்கள். நான் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "வரவில்லை" என்ற சொல்லில் பிழை இல்லை. அதனால் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பிளாக்கில் அந்தப் பதிவின் கீழே மறுநாள் ஒருவர் "பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய், வாழ்த்துகள்" என்று போட்டிருந்தார். அதை நான் வகுப்பில் உரக்கப் படித்தேன்.

விருத்தாசலம் சாரிடம் போனில் பேசினேன். "அவசரப்பட்டு எழுதிக் குடுத்துராதீங்க டீச்சர். உண்மை நகல்னு கையெழுத்து போட்டது யாரு? நீங்க. இப்ப அது தப்புன்னு சொல்றதும் நீங்க. மெமோ யாருக்கு வரும்? உங்களுக்குத்தான் வரும். அதுல பிளாக்கு வேற மேல கேட்டு ஆரம்பிச்சதில்ல, பேஜாரு ஆயிடும்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அது என்னைப் பற்றிய பேச்சு, உங்களைப் பற்றியது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தாளின் ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் இதை மட்டும் ஆபீசில் காட்டினால் போதுமா என்று பாருங்கள்.

செந்தாமரை

மேட்டுக்குப்பம்
15.4.2013

டீச்சருக்கு,

போதவில்லை. போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் காட்டினேன். "ஜெராக்ஸ்ல யாரு எழுத்து, எப்ப எழுதினதுன்னு எப்பிடிம்மா தெரியும்? நேத்துகூட எழுதியிருக்கலாம். திருத்தினவங்க யாரோ அவங்களே ஒரிஜினலோட வந்து எழுதிக் குடுக்கணும்" என்றார் கிளார்க். கோபமாகச் சொல்லவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்.

ஜெராக்ஸை அருணாவிடம் காட்டினேன். பார்த்தாள். "சொன்னேன்ல" என்றாள். அடித்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சோறு போட்டேன். சாப்பிட்டாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். மார்ச் மாதம் இருந்தது. இப்போது எது இருக்கிறது என்று தெரியவில்லை. காலையில் எழுந்தால் கருவாடு காயப்போடுகிறேன், அள்ளுகிறேன். யாராவது ஏதாவது கேட்டால் அவர்கள் வாய் அசைவது தெரிகிறது, என்ன கேட்டார்கள் என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

மெமோ என்றால் என்ன என்று வல்லரசைக் கேட்டேன். "வேல போவாதுக்கா, கூப்ட்டு திட்டுவானுங்க, சம்பளத்துல ஏதோ வெட்டுவானுங்க" என்றான். அது பெரியதா சின்னதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது அந்தக் கோப்பில் ஒரே ஒரு சொல். ஓடிப்போனவன் பொண்டாட்டி என்று நான் இருந்துவிடுவேன். அருணா அந்தப் பெயரோடு இருக்கக் கூடாது. அது அவளே எழுதியது என்றும் இருக்கக் கூடாது.

வருவீர்களா, மாட்டீர்களா, ஒரு வரி எழுதுங்கள்.

பவுனு

விழுப்புரம்
24.4.2013

பவுனு அவர்களுக்கு,

நேற்று முன்தினம், ஏப்ரல் 22, திங்கட்கிழமை, திண்டிவனம் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் தெரிவித்தால் போகாமல் இருந்துவிடுவேனோ என்று உங்களுக்குத் தெரிவிக்கவில்லை.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மாணவி எழுதிய சொல் "வாடைக்கு". அதன் பொருள் வடக்குத் திசை. அறியாமல் மாற்றியது நான். மாற்றியதை உண்மை நகல் என்று சான்றளித்ததும் நான். அசல் தாளையும் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

அதிகாரி இருமுறை படித்தார். "நானும் வாடகைன்னுதாம்மா கேட்டேன்" என்றார். அவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு வடக்கே, பக்கத்து மாவட்டத்துக் கரையோரக் காவல் நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார். மூன்றாவது இடத்தில் நிறைய நேரம் பேசினார்.

இனி எழுதுவது அவர் என்னிடம் சொன்னது. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஓர் ஆணின் உடல் கரை ஒதுங்கியது. நாற்பது வயது மதிக்கலாம். முகம் அடையாளம் தெரியவில்லை. யாரும் கேட்டு வராததால் 31ஆம் தேதி அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். துணியை எடுத்து வைத்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு எலும்பும் பல்லும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அது யார் என்று யாருக்கும் தெரியாது. அவரும் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

நான் 25ஆம் தேதி அந்தப் பேப்பரைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து 27. நாலு நாள் அந்த உடல் வைக்கப்பட்டிருந்திருக்கிறது. இதைக் கணக்குப் பார்க்க நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆபீசிலிருந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மரக்காணம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் "ஏறுங்கம்மா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். ஏறவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ நேற்றே வந்துவிட்டது. பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். பிளாக்கை உடனே எடுத்துவிடும்படி உத்தரவு. எடுத்துவிட்டேன். எழுபத்தொரு புதன்கிழமைகளின் பதிவுகள் இருந்தன. அதில் அருணா நண்டைப் பற்றி எழுதியதும் போய்விட்டது.

செந்தாமரை

மேட்டுக்குப்பம்
5.6.2013, புதன்

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த நாலாம் நாள் நோட்டீஸ் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

மே மாதம் 9ஆம் தேதி நானும் வல்லரசும் போய்த் துணியைப் பார்த்தோம். நீலக் கட்டம் போட்ட கைலி. சிமெண்ட் கம்பெனி பனியன் பாதி. இரண்டும் அவரிடம் இருந்தது. வல்லரசிடமும் இருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. "அவருதான்னு சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். "இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார்கள். அதற்கும் முடியாது என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்ன சொல்லிலேயே எழுதியிருக்கிறார்களா என்று வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடக்கம் பண்ணிய இடத்தையும் காட்டினார்கள். சவுக்குத் தோப்பு ஓரம், ஒரு நம்பர் போட்ட கல். வல்லரசு செருப்பைக் கழற்றினான். எனக்குக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் என்று நினைத்துக் கழற்றினேன்.

மே 30ஆம் தேதி அருணாவிடம் ரத்தம் எடுத்தார்கள். அவளே கையை நீட்டினாள். நர்ஸ் "வலிக்குதா பாப்பா" என்று கேட்டார். "இன்னும் குத்தவே இல்லயே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கோப்பில் சொல்லை மாற்றிவிட்டார்கள். "வாடைக்கு (வடக்குத் திசையில்) மீன்பிடிக்கச் சென்றதாக" என்று போட்டிருக்கிறது. கிளார்க் படித்துக் காட்டினார். ஓடிப்போனார் என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை. ரத்தச் சோதனை வந்த பிறகு அதைப் பார்க்கலாம் என்கிறார்கள். வீரம்மாள் இப்போது அந்தமானைப் பற்றிப் பேசுவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. போன வாரம் கடைக்குச் சாமான் எழுதச் சொன்னேன். மல்லாட்டை என்று எழுதிவிட்டு, ரப்பரால் அழித்துவிட்டு, நிலக்கடலை என்று எழுதினாள். கேப்பை மாவையும் அழித்துவிட்டுக் கேழ்வரகு என்று எழுதினாள். கடைக்காரி கோவிந்தம்மாள் வாங்கிப் படித்துவிட்டு "இன்னாடி, வெளியூர்க்காரி மாதிரி எழுதினு வந்துகிற" என்றாள். ஏன் மாற்றினாய் என்று நான் கேட்டேன். "யாராச்சும் மாத்துறதுக்கு முன்னாடி நானே மாத்திட்டேன்" என்றாள். நீங்கள் டீச்சர், இதற்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் மெமோ என்ன ஆயிற்று என்று விருத்தாசலம் சாரைக் கேட்டேன். ஜூலை முதல் வாரத்தில் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். நான் வந்து சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். வருகிறேன்.

சென்னை ஆய்வகத்திலிருந்து ரிசல்ட் ஜூலை 18, வியாழக்கிழமை வரும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். சாமிக்கு விளக்கு வைக்கும்போது என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்தான் என்று வந்தால் அவர் இல்லை. அவர் இல்லை என்று வந்தால் அந்த வரி அப்படியே இருக்கும். அதனால் ஒன்றும் கேட்பதில்லை. விளக்கு வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு மேல் திண்டிவனம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அருணாவும் வருகிறேன் என்கிறாள். இந்த வருடம் ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம், வருகிற திங்கட்கிழமை திறக்கிறார்கள். பதினெட்டாம் தேதிக்கு இப்போதே ஒரு லீவு லெட்டர் எழுதி வைத்திருக்கிறாள். காரணம் என்ற இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். என்ன எழுதட்டும் என்று என்னைக் கேட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை.

பவுனு